பள்ளிக் கணினியின் உலாவி: பழுது உண்மையில் எங்கே?



சித்தியவான் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் இடங்களில் கணினிக்கூடத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் ஒரே குறைதான் காதில் விழுகிறது: "கணினி இருக்கிறது, இணைப்பும் இருக்கிறது, ஆனால் பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது." உடனே இணைப்பைக் குறை கூறுகிறோம். அல்லது கணினி பழையது, புதியது வாங்க நன்கொடை திரட்டுவோம் என்கிறோம். இரண்டுமே காரணமாக இல்லாத நேரங்கள் பல உண்டு. பக்கத்தைத் திறக்க வேண்டிய உலாவி பழம்பதிப்பாக நின்றுபோயிருக்கும். அதை மேம்படுத்த யாரோ ஒருவர் முயன்று, அம்முயற்சி பாதியில் நின்றிருக்கும். ஏன் நின்றது என்று எவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தச் சிக்கலைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். இது தொழில்நுட்பர்கள் மட்டும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி அன்று. நம் பிள்ளைகளின் பிறப்புப் பத்திர எண், பெற்றோரின் வருமானம், தேர்வு மதிப்பெண் ஆகியவை இந்தக் கணினிகளின் வழியாகத்தான் செல்கின்றன. எனவே பெற்றோரும் தெரிந்திருக்க வேண்டும்.

இணையமின்றி இற்றைப்படுத்துவது ஏன்?

இருபது கணினிகள் உள்ள ஒரு கூடத்தை எண்ணிக்கொள்ளுங்கள். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிய பின் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிகாபைட் அளவு இற்றைக் கோப்புகள் தேவைப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் இருபது கிகாபைட்டை இறக்க 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் வேறு எவரும் அந்த இணைப்பைத் தொடாமல் இருந்தால்தான். ரப்பர் தோட்டமாக இருந்து செம்பனைத் தோட்டமாக மாறிவிட்ட இடங்களின் நடுவே நிற்கும் பள்ளிகளுக்கு அந்த வேகம்கூட நெடுங்காலம் கனவாகவே இருந்தது.

ஆகவேதான் இற்றைக் கோப்புகளை ஒருமுறை மட்டும் ஓரிடத்தில் இறக்கி, விரலியில் (பென் டிரைவில்) ஏற்றி, ஒவ்வொரு கணினியாகச் செருகித் தானியங்கி முறையில் நிறுவும் வழக்கம் வந்தது. இதற்கென உலகெங்கும் பயன்பட்ட இலவசக் கருவி 'டபிள்யூசஸ் ஆஃப்லைன் அப்டேட்'. செருமானியக் கணினி இதழான 'சி-டி'யின் பெயரோடு தொடங்கிப் பின்னர் தனித் திட்டமாக வளர்ந்தது. மைக்ரோசாப்ட் வெளியிடும் பாதுகாப்பு இற்றைப் பட்டியலைக் கொண்டு, எந்தக் கணினிக்கு எது குறைகிறது என்று கண்டறிந்து, குறைவதை மட்டும் நிறுவும். நல்ல கருவி. குறை சொல்வதற்கில்லை.

ஆனால் இக்கருவியைப் பயன்படுத்தியவர்களைக் கேட்டால் பலரும் ஒரே இடத்தைச் சுட்டுவார்கள். மற்றவை எல்லாம் ஏறும். உலாவி ஏறும் கட்டத்தில் நின்றுவிடும்.

உலாவி மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

விண்டோஸ் 7-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 என்பது தனியான ஒரு மென்பொருள் அன்று. இயங்குதளத்தோடு பின்னிப் பிணைந்த ஓர் உறுப்பு அது. சுவரில் ஆணியடித்து மாட்டிய படத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சுவரின் உள்ளேயே பதித்த குழாயை மாற்ற வேண்டுமானால் சுவரையும் தொட வேண்டும். இந்த உலாவி இரண்டாம் வகை. அதனால் தடைகளும் மிகுதி. முதன்மையானவற்றை வரிசைப்படுத்துகிறேன்.

ஒன்று: முன்தேவைகள். இந்தப் பதிப்பு ஏற வேண்டுமானால் விண்டோஸ் 7-இன் முதலாம் சேவைப் பொதியும் (சர்வீஸ் பேக் 1) அதன்மேல் வேறு சில இற்றைகளும் முன்னதாக இருந்தாக வேண்டும். அவற்றுள் கேபி 2670838 என்னும் எண்ணுடையது முக்கியமானது. அது இல்லையேல் உலாவியின் நிறுவி தானே இணையத்தை நாடி அதை இறக்க முயலும். இணைப்பு இல்லாத கணினியில் எங்கே நாடுவது? தேடிக் களைத்து, 'நிறுவ இயலவில்லை' என்று கூறி விலகிவிடும். குறிப்பிட்ட சில மடிக்கணினிகளில், இரட்டை வரைகலை அமைப்பு உள்ளவற்றில், அந்த இற்றையே நீலத்திரையை வரவழைத்த வரலாறும் உண்டு. அத்தகைய கணினியில் வரைகலை இயக்கியை முதலில் புதுப்பிக்காமல் எத்தனை முறை முயன்றாலும் பயனில்லை.

இரண்டு: மீள்தொடக்கம். பயன்பாட்டில் இருக்கும் கோப்பை விண்டோஸ் மாற்றாது. கணினி அணைந்து மீண்டும் எழும்போதுதான் மாற்றும். எனவே தானியங்கிக் கருவி முதற்சுற்றில் அடிப்படைகளை நிறுவிவிட்டு, 'மீண்டும் தொடங்கி, என்னை மறுபடி இயக்குக' என்று அறிவிக்கிறது. இந்த அறிவிப்பை வேலை முடிந்ததற்கான அறிவிப்பாகக் கொள்பவர்கள் பலர். முதற்சுற்றோடு நிறுத்தப்பட்ட கணினிக்குப் பாதி மருந்துதான் கிடைத்திருக்கிறது. ஒரு கணினிக்கு இரண்டு சுற்று, சிலவேளை மூன்று சுற்றுகூடத் தேவைப்படும்.

மூன்று: நின்றது போன்ற தோற்றம். 2015, 2016ஆம் ஆண்டுகளில் விண்டோஸ் 7 கணினிகள் இற்றைகளைத் தேடுவதற்கே மணிக்கணக்கில் எடுத்துக்கொண்டன. இற்றைப் பட்டியல் அவ்வளவு பெருத்துப்போயிருந்தது. இணையமின்றி இயங்கும் கருவியும் அதே விண்டோஸ் தேடுபொறியைத்தான் உள்ளே பயன்படுத்துகிறது. ஆகவே அங்கும் அதே காத்திருப்பு. நினைவகம் குறைந்த பழைய கணினியில் திரை அசையாமல் நிற்கும். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். பொறுமையிழந்து மின்விசையை அணைத்தால் உண்மையான பழுது அப்போதுதான் தொடங்கும். பிற்பகல் இடிமழையில் மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் இதே கதிதான். இப்பணியைக் காலையில் தொடங்குவது நல்லது.

நான்கு: கடிகாரம். இதைச் சிரித்துவிட்டு ஒதுக்கக் கூடாது. தாய்ப்பலகையில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்துபோனால் கணினியின் நாள்காட்டி பல்லாண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். அந்தக் கணினியின் கணக்கில் இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. எனவே பாதுகாப்பான இணையப் பக்கம் ஒவ்வொன்றையும் ஐயத்தோடு பார்த்து மறுக்கும். சில வெள்ளிக்குக் கிடைக்கும் மின்கலம் ஒன்று, 'கெட்டுப்போன கணினி' என்று மூலையில் ஒதுக்கப்பட்டதைப் பிழைக்க வைத்துவிடும்.

ஐந்து: கையொப்பம். 2019ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் மைக்ரோசாப்ட் தன் இற்றைகளை ஷா-2 என்னும் புதிய முறையில் மட்டுமே கையொப்பமிடத் தொடங்கியது. அம்முறையை அறியாத பழைய விண்டோஸ் 7, அந்த இற்றைகளை ஏற்காது. அதை அறிய வைக்கும் இற்றைகளை (கேபி 4490628, கேபி 4474419) முதலில் நிறுவ வேண்டும். புதிதாக நிறுவிய விண்டோஸ் 7-இல் இந்த வரிசை தவறினால் பின்னால் வருபவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்கும்.

ஆறு: விரலி. பழுதான விரலியில் படியெடுத்த கோப்பு சிதைந்திருக்கலாம். நிறுவும் முன் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி கருவியிலேயே உண்டு. நேரம் மிச்சமாகும் என்று அதை நீக்கிவிடுகிறார்கள். 'ஃபேட் 32' முறையில் அமைந்த விரலி, நான்கு கிகாபைட் அளவுள்ள ஒற்றைக் கோப்பை ஏற்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த ஆறையும் நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இவற்றில் பெரும்பாலானவை வரிசையைப் பற்றியவை; மீதி, பொறுமையையும் கவனத்தையும் பற்றியவை. நெடுங்கணக்கு அறியாத பிள்ளையிடம் செய்யுளைக் கொடுத்துவிட்டு 'வாசிக்கவில்லை' என்று கடிந்துகொள்வோமா? கணினியையும் அப்படிக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

பழுதைக் கண்டறிய நாடவேண்டிய இடமும் ஒன்று உண்டு. கருவி தான் செய்த ஒவ்வொரு செயலையும் விண்டோஸ் அடைவில் ஒரு பதிவுக் கோப்பாக எழுதி வைக்கிறது. உலாவியின் நிறுவியும் தனக்கென ஒரு பதிவுக் கோப்பை அதே அடைவில் வைக்கிறது. கடைசிப் பத்து வரிகளைப் படித்தாலே எந்த எண்ணுள்ள இற்றை குறைகிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். 'சரியாக வரவில்லை, மறுபடி முயல்வோம்' என்று மூன்று முறை முயல்வதைவிட, ஒருமுறை பதிவைப் படிப்பது மேல்.

பாதியில் விட்டுச் செல்வதன் கேடு

நேரம் வீணாவது ஒருபுறம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய கேடு ஒன்றைச் சொல்கிறேன்.

கருவியில் 'தானே மீண்டும் தொடங்கித் தொடர்க' என்று ஒரு தெரிவு உண்டு. பலமுறை மீள்தொடக்கம் தேவைப்படுவதால் இத்தெரிவு மிக வசதியானது. ஆனால் அது எவ்வாறு இயங்குகிறது? கணினி எழுந்தவுடன் கடவுச்சொல் கேட்காமல் உள்ளே நுழைய வேண்டும் அல்லவா? அதற்காக நிருவாகி அதிகாரமுள்ள ஒரு தற்காலிகக் கணக்கை அது உருவாக்குகிறது. பயனர் ஒப்புதல் கேட்கும் காவலையும் அணைத்து வைக்கிறது. எல்லாம் முடிந்த பின் அக்கணக்கை நீக்கி, காவலை மீண்டும் இயக்குகிறது. உலாவிக் கட்டத்தில் வேலை நின்றுவிட்டால்? அந்த நீக்கம் நடைபெறுவதே இல்லை. வாயிற்கதவு திறந்தபடியே இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியின் கூடத்தில் இந்த நிலையில் சில கணினிகள் மாதக்கணக்கில் இருந்தன. பொத்தானை அழுத்தினால் தானே உள்ளே நுழைந்துவிடும். "கடவுச்சொல் தேவையில்லை, பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கிறது" என்று அதை ஒரு வசதியாகவே கருதியிருந்தார்கள். அதே கணினியில்தான் மாணவர் விவரங்களும் பதிவேற்றப்பட்டன. எவர் மீதும் குற்றம் சுமத்த இதை எழுதவில்லை. எவருக்கும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதே உண்மை. இந்த நிலையைச் சீர்செய்யும் துப்புரவுக் கட்டளையும் அந்தக் கருவியோடு சேர்த்தே தரப்பட்டிருக்கிறது. அதை ஓட்டிவிட்டு, கணக்குகளின் பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

'பள்ளிக் கணினியில் யார் வந்து என்ன திருடப்போகிறார்?' என்று சிலர் கேட்கக்கூடும். 2017 மே 12-ஆம் நாள் உலகை உலுக்கிய 'வானாகிரை' என்னும் பணயத் தீநிரல் ஆளைப் பார்த்துத் தாக்கவில்லை. இற்றைப்படுத்தப்படாத கணினி எதுவாயினும் தாக்கியது. பிரிட்டனின் மருத்துவமனைகளே முடங்கின. அதைத் தடுக்கும் இற்றையோ அதற்கு முந்திய மார்ச் 14-ஆம் நாளே வெளிவந்துவிட்டது. இரண்டு மாத இடைவெளி! 2008 அக்டோபரில் திருத்தம் வெளியான பின்னரும் 'கான்ஃபிக்கர்' என்னும் புழு உலகெங்கும் பல இலட்சம் கணினிகளில் புகுந்தது. அது பரவிய வழிகளுள் ஒன்று விரலி. கூடத்திற்கும் வீட்டிற்கும் விரலியைக் கொண்டு அலையும் ஆசிரியர்கள் இதை மறக்கக் கூடாது.

இன்றைய நிலை என்ன?

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2022 ஜூன் 15-இல் விண்டோஸ் 10-இல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 7-இன் பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இலேயே முடிந்துவிட்டது. குரோம் உலாவி விண்டோஸ் 7-க்குத் தந்த கடைசிப் பதிப்பு 109. அது 2023 ஜனவரியில் வந்தது. அப்படியிருந்தும் நன்கொடையாகப் பள்ளிக்கு வரும் பழைய கணினிகளில் விண்டோஸ் 7 இன்னும் தலைகாட்டுகிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. நேற்று வரை 'புதியது' என்று நாம் கருதிய கணினிகளும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டன.

விண்டோஸ் 10-இல் நிலைமை சற்று வேறு. எட்ஜ், குரோம், பயர்பாக்ஸ் ஆகியவை இயங்குதளத்தின் இற்றைகளை நம்பியிருக்கவில்லை. தத்தமக்கென இற்றைப்படுத்திகளை வைத்திருக்கின்றன. இணைப்பு இருந்தால் ஓசையின்றித் தாமே புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் இணைப்பற்ற கூடத்திலோ, இயங்குதளம் புதிதாக இருந்தும் உலாவி பழையதாக நிற்கும் விந்தை நேரும். அங்கே முழு நிறுவிக் கோப்பைத் தனியாக இறக்கி நிறுவ வேண்டும். பொதுவாக நாம் இறக்கும் சிறு நிறுவி, நிறுவும் நேரத்தில் மீதியை இணையத்திலிருந்து எடுப்பது. இணைப்பில்லாக் கணினியில் அது உதவாது. விண்டோஸ் 7-இல் கண்ட அதே பாடம் வேறு உருவில் இங்கும் வருகிறது.

தமிழ்க்கணிமையின் பழைய வாசகர்களுக்கு உலாவியின் அருமை தெரிந்திருக்கும். ஒரு காலத்தில் தமிழ் இதழ்கள் பல இயங்கு எழுத்துருவை நம்பியிருந்தன. ஓர் உலாவியில் அழகாகத் தெரிந்த பக்கம் மற்றொன்றில் பூச்சியும் புழுவுமாகத் தெரியும். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஒருங்குறி பரவலாகி, உலாவிகளும் இயங்குதளங்களும் அதனை முறையாகக் காட்டத் தொடங்கிய பின்னரே இந்த அவலம் நீங்கியது. நம் மொழி திரையில் சரியாகத் தெரிவதற்கே உலாவியின் மேம்பாடு வேண்டியிருந்தது. 2001-இல் தமிழ் இணைய மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திய நாடு இது. அந்த நாட்டின் தமிழ்ப்பள்ளி ஒன்றில் உலாவியின் பழமையால் பாடம் தடைபடுவது பொருந்துமா?

என் கருத்து

முதலாவது, இற்றைப்படுத்துவது ஒரு பணி. அதற்கு நேரமும் ஆளும் வேண்டும். சிறிய தமிழ்ப்பள்ளிகளில் வகுப்பாசிரியர் ஒருவரே கணினிக்கூடத்தையும், புறப்பாட நடவடிக்கையையும், விளையாட்டையும் சேர்த்துக் கவனிக்கிறார். அவர் பள்ளி முடிந்து வீடு செல்லும் அவசரத்தில் தானியங்கிக் கருவியை ஓடவிட்டுச் செல்வதைக் குறை கூற முடியாது. தவணை விடுமுறையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கி, உடன் இருவரைத் துணையாகத் தருவது தலைமையாசிரியரால் இயலும். 'தானியங்கி' என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடக் கூடாது. தானே இயங்கும் என்பதுதான் அதன் பொருள். தானே முடிந்துவிட்டதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

இரண்டாவது, ஒரு குறிப்பேடு. மென்பொருள் எதுவும் வேண்டாம். கோடு போட்ட ஒரு புத்தகம் போதும். கணினியின் எண், இயங்குதளம், உலாவியின் பதிப்பு, கடைசியாக இற்றைப்படுத்திய நாள், எத்தனை சுற்று முடிந்தது, என்ன தடை, யார் செய்தது. ஆசிரியர் மாற்றலாகிச் செல்லும்போது அவருடைய அறிவும் உடன் செல்வதே நம் பள்ளிகளின் பெருங்குறை. லுமுட்டுக்கோ ஆயர் தாவாருக்கோ அவர் மாறிச் சென்றாலும் அந்தப் புத்தகம் இங்கேயே இருக்கும்.

மூன்றாவது, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கு ஒரு வேண்டுகோள். கணினி வாங்கித் தரும் விழாவுக்கு நாடா வெட்டுகிறோம், படம் எடுக்கிறோம். பாராட்டத்தக்கதே. ஆனால் பராமரிப்புக்கு நிதி ஒதுக்கும் கூட்டத்தில் எவரும் வாய் திறப்பதில்லை. மின்கலம், நல்ல விரலி இரண்டு, நினைவக விரிவாக்கம், தேவைப்பட்டால் ஒரு நாள் தொழில்நுட்பர் கூலி: இவ்வளவுதான். புதுக் கணினி ஒன்றின் விலையில் முழுக் கூடத்தையும் ஓராண்டு காக்கலாம். விண்டோஸ் 10-க்கான நீட்டித்த பாதுகாப்பு இற்றைகளைக் கல்விக்கூடங்களுக்கு முதலாண்டில் ஒரு கணினிக்கு ஓர் அமெரிக்க டாலர், அடுத்த ஆண்டு இரண்டு, மூன்றாம் ஆண்டு நான்கு என்ற விலையில் மைக்ரோசாப்ட் அறிவித்தது. உரிய வழியில் பெற முடியுமானால் சங்கம் தாங்கக்கூடிய செலவே. நன்கொடை தருபவரும், 'என்ன இயங்குதளம்? அதன் ஆதரவு எந்நாள் வரை?' என்று ஒரு முறை கேட்டுவிட்டுக் கொடுத்தால் நலம். காலாவதியான மாவைப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு நன்கொடை தருவோமா?

நான்காவது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தும் துணிவு. விண்டோஸ் 7 கணினியில் உலாவியை ஏற்ற நாள்கணக்கில் போராடுவது இன்று அறிவுடைமை ஆகாது. இணைப்பைத் துண்டித்துவிட்டு, தட்டச்சுப் பயிற்சிக்கும் ஓவியத்திற்கும் அதை வைத்துக்கொள்ளலாம். அல்லது கட்டற்ற லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவினால், புதிய உலாவியும் தமிழ் ஒருங்குறியும் பல பழைய கணினிகளில் நன்றாகவே இயங்கும். மாணவர் விவரங்களைப் பதிவேற்றும் கணினி மட்டும் ஆதரவுள்ள இயங்குதளத்திலும் இற்றை முடித்த உலாவியிலும்தான் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

'கணினி தெரிந்தவர் பார்த்துக்கொள்வார்' என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கணினி தெரிந்தவர் பல்கலைக்கழகத்தில் அதைப் படித்திருக்க வேண்டியதில்லை. பதிவுக் கோப்பின் கடைசி வரியைப் படிக்கும் பொறுமை உள்ள எந்த ஆசிரியரும், தந்தையும், தாயும் இதைச் செய்யலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுப்புங்கள்: "நம் கூடத்தில் உள்ள கணினிகளின் உலாவி எந்தப் பதிப்பு?" விடை சொல்ல எவரும் இல்லையெனில், பழுது அங்கேதான் இருக்கிறது.